1780 மரியா தெரசா தாலர்: கீறாம சோதிக்க வழி?

கீழக்கரை:
1780 போட்ட தாலர், அதான் ஆஸ்திரிய அரசி மரியா தெரசா முகம் போட்ட வெள்ளிக்காசு, ஒண்ணு விலைக்கு வந்திருக்கு காக்கா. எடை 27.91 கிராம், விட்டம் 40 மி.மீ. தலைக்கு மேல வளையம் பத்தவெச்சு எடுத்த தழும்பு. விக்கிறவர் உரசிப் பார்க்க விடமாட்டேங்கிறார். வேற வழி? நம்ம உப்புக்காத்துல எதுல போட்டு வைக்கிறது?

மண்டபம்:
வருஷத்தைப் பார்த்து விலை பேசாதீங்க. அரசி இறந்ததே 1780 நவம்பர்ல. அதுக்கப்புறம் வியன்னா, ரோம், லண்டன், 1940 வாக்கில் பம்பாய்னு எங்க அடிச்சாலும் அதே 1780தான். மறு அச்சு போலி இல்ல, அதுவும் 28.07 கிராம், ஆயிரத்துக்கு 833 வெள்ளி. உங்க காசோட எடை தேய்மானக் கணக்குக்குள்ள வருது.

0.01 கிராம் காட்டுற தராசுல தண்ணி டம்ளரை வெச்சு ஜீரோ பண்ணுங்க. காசை நைலான் நூல்ல கட்டி முழுசா முங்க விடுங்க. அடியிலயும் பக்கத்துலயும் முட்டக்கூடாது. காசோட எடையைத் தராசு காட்டுற எண்ணால வகுத்தா அடர்த்தி. 2.74 பக்கம் காட்டினா அடர்த்தி 10.2, சரியான உலோகம். ஜெர்மன் சில்வர்னா (வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) 3.1ஐத் தாண்டும். காத்துக்குமிழ் ஒட்டியிருந்தா எண் ஏறி நல்ல வெள்ளியே போலியாத் தெரியும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற திரவம் விட்டா குமிழ் நிக்காது.

தேவிபட்டினம்:
தண்ணி உலோகத்தைத்தான் சொல்லும். நல்ல வெள்ளியில வார்த்த போலியும் அதுல பாஸாகும். விளிம்பைச் சுத்திப் பாருங்க: ‘நீதியும் கருணையும்’னு பொருள்படுற லத்தீன் வாசகம், நடுநடுவே பூவேலை. அது மழுங்கியோ, ராவின கோடோ, ஊசித்துளையோ இருந்தா விட்டுடுங்க.

பத்திரப்படுத்த பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், பச்சையாப் பிசுபிசுக்கும். ஏற்கனவே அப்படி ஆனதைச் சுத்தமான அசிட்டோன்ல, கண்ணாடி டம்ளர்ல, அடுப்புக்குத் தள்ளி ஊறவிடுங்க. நகப்பாலிஷ் ரிமூவர்ல எண்ணெய் இருக்கும், ஆகாது. உப்பு போக பேட்டரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணியை (ஆசிட் இல்ல) ரெண்டு மூணு தடவை மாத்தி ஊறவெச்சு, ஒத்தித் துடைங்க. அப்புறம் மைலார்ங்கிற பாலியஸ்டர் உறை, இறுக்கமான டப்பா, சிலிக்கா ஜெல். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் கறுக்க வைக்கும். திருநீறு, புளி, பற்பசை போட்டுத் தேய்ச்சா மூக்கும் முடியும் வழுவழுன்னு போயிடும். அப்புறம் அது உருக்குற விலைக்குத்தான் போகும்.

கீழக்கரை:
2.75 காட்டுது. விளிம்பும் தெளிவு. துபாய்ல இருக்க மச்சானுக்குக் கொடுத்தனுப்பலாமா?

மண்டபம்:
வேண்டாம். நூறு வருஷம் தாண்டின காசைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972 தொல்பொருள் சட்டம் விடாது. உங்களது பிந்தின அச்சாவே இருக்கலாம், ஆனா முகத்துல 1780னு இருக்கே, ஏர்போர்ட்ல யார் கேட்பா? தொல்லியல் துறையில ‘தொல்பொருள் அல்ல’ன்னு சான்று வாங்கிட்டு அனுப்புங்க. தழும்பை ராவாதீங்க, அப்படியே காட்டி விலையைக் குறைங்க.