லாட வடிவ கிட்னியில் கல்: எந்த ஆபரேஷன் சரி?

முக்கூடல்காரன்:
எங்க மதினிக்கு இடது கிட்னியில் 22 மில்லிமீட்டர் கல். பகல் முழுக்க மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றுகிறவர், அடிக்கடி எழுந்து போகணுமே என்று தண்ணீரே குடிக்க மாட்டார், அதனால் வந்தது என்றுதான் நினைத்தோம். சிடி எடுத்தால் இரண்டு கிட்னியும் கீழே ஒட்டிக் குதிரை லாடம் மாதிரி இருக்கிறதாம். ஒரு டாக்டர் அதிர்வலை கொடுத்து உடைக்கலாம் என்கிறார், இன்னொருவர் முதுகில் துளை போட்டுத்தான் எடுக்கணும் என்கிறார். துளை என்றதும் அண்ணன் பயந்து, வாழைத்தண்டுச் சாறே போதும் என்று உட்கார்ந்துவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

அம்பை நர்ஸ்:
யூராலஜி தியேட்டரில் வேலை பார்க்கிறேன் தம்பி. இது பிறவி அமைப்பு, சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கும், அண்ணனைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தக் கிட்னி தாழ்வாக, முன்பக்கம் திரும்பி இருக்கும். சிறுநீர்க்குழாய் மேலேயே ஆரம்பித்து, ஒட்டின பகுதியைத் தாண்டித்தான் இறங்கணும், அங்கேதான் சிறுநீர் தேங்குகிறது. அதிர்வலையில் கல் உடையும், சரி, தூள் வெளியே வர வழி வேண்டாமா? 2 செ.மீ.க்கு மேல் என்றால் பெரும்பாலும் துளை வழிதான். சாதாரண கிட்னியில் மேல்முனையைத் துளைக்க, நுரையீரல் உறையில் பட்டுவிடுமோ என்று யோசிப்பார்கள். இதில் கிட்னியே கீழே இருப்பதால் மேல்முனைதான் வசதி. ஆழம் கூடுதல், சிலருக்கு நீளமான கருவி வேண்டியிருக்கும், அது இருக்கிறதா என்று கேளுங்கள். சிடி படத்தைக் கையோடு கொண்டுபோங்கள், குடல் கிட்னிக்குப் பின்னால் கிடக்கிறதா என்று பார்க்காமல் ஊசி போடக் கூடாது.

வள்ளியூர் வாசி:
எனக்கும் இதே கிட்னிதான் தம்பி. கல் ஒன்றரை செ.மீ.க்குள், அதனால் துளை இல்லாமல் சிறுநீர் வழியாகவே வளையும் ட்யூபை விட்டு லேசரில் பொடித்தார்கள். சிறுநீர் அடைக்காமல் இறங்க உள்ளே வைத்த ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய்தான் பாடு, ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் விலாவில் சுருக்கென்று இழுக்கும். எடுக்கும் தேதியை எழுதி வாங்குங்கள், மறந்துபோனால் அதன் மேலேயே கல் படியும்.

முக்கூடல்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணாச்சி. ரிப்போர்ட்டில் குழாய் ஆரம்பிக்கும் இடத்தில் அடைப்பு சந்தேகம் என்றும் போட்டிருக்கிறதே?

அம்பை நர்ஸ்:
அட, அதுதான் முக்கியம் தம்பி! கிட்னியிலிருந்து சிறுநீர் சரியாக இறங்குகிறதா என்று காட்டும் ரீனோகிராம் ஸ்கேன் எடுக்கணுமா என்று கேளுங்கள். நிஜமாகவே அடைப்பு என்றால் லேப்ராஸ்கோப்பியில் அதைச் சரிசெய்யும்போதே கல்லையும் எடுக்கலாம். அடைப்பை விட்டுவிட்டால் கல் திரும்ப வரும். இதற்கிடையில் குளிர்காய்ச்சல் வந்தால் சாறு, கஷாயம் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.