எல்லாரும் "நோட்டா குடுங்க"ன்னா இந்தக் காயினை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?

தட்டுவடை_குகை (கேள்வி)

சேலத்துல குகைன்னு ஒரு ஏரியா, அங்க எனக்கு ஒரு தள்ளுவண்டி. தட்டுவடை செட்டு (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல துருவின பீட்ரூட்டும் சட்னியும்), அதையே நொறுக்கிக் கலந்தா நொறுக்கல், முட்டை நொறுக்கல், அவ்வளவுதான் நம்ம சாம்ராஜ்யம். மத்தியானம் மூணு மணிக்கு பீட்ரூட் துருவ உக்காந்தா ராத்திரி பத்தரைக்குத்தான் இடுப்பு நிமிரும். ஊருக்கெல்லாம் அஞ்சு வருஷத்துக்கு ஒருவாட்டி ஒரு விரல்ல மை வெக்கிறாங்க. எனக்கு பத்து விரலும் தினம் சாயம்தான்.

விஷயத்துக்கு வர்றேன். செட்டு முப்பது ரூபா. அம்பதை நீட்டுறவங்களுக்கு மீதி இருபது. பத்து ரூபா காயின் ரெண்டை எடுத்துக் கொடுத்தா, தேளைப் பிடிச்சு உள்ளங்கையில வெச்ச மாதிரி கையை இழுத்துக்கறாங்க. "இது போகாதுங்க, நோட்டா குடுங்க."

போன வாரம் நடந்ததைக் கேளுங்க. ஒரு அக்கா மூணு காயின் கொடுத்து ஒரு செட்டு வாங்கினாங்க. பழகின முகம், நானும் வாங்கிப் போட்டுக்கிட்டேன். அடுத்து வந்த தம்பி அம்பது ரூபா கொடுத்தான். அந்த மூணுலயே ரெண்டை எடுத்து, அக்கா கண்ணு முன்னாடியே அவன்கிட்ட நீட்டினேன். வேண்டாம்னான். உடனே அந்த அக்கா, வாயில தட்டுவடையோட, "ஆமா தம்பி, வாங்காத, அதெல்லாம் எங்கயும் எடுக்க மாட்டாங்க"ன்னு அவனுக்குப் புத்தி சொல்றாங்க! சட்னிக் கரண்டியைக் கீழ வெச்சுட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன். நம்ம தலைவருங்க கூட்டணி மாறணும்னாலும் ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சுத்தான் மாறுவாங்க. இந்த அக்காவுக்கு ஒரு தட்டுவடை மெல்லுற நேரம் போதுமா இருந்துச்சு.

இப்ப நாலு லிட்டர் பெயின்ட் டப்பாவுல பாதிக்கு மேல காயின். செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை வெச்சிருக்குற என் மச்சான், "எண்ணாதீங்க மாமா, நிறுத்துடலாம்"னு வெள்ளித் தராசைத் தூக்கிட்டு வந்தான். ஒரு காயின் 7.7 கிராம் காட்டுச்சு. மொத்தம் பதினோரு கிலோ. கணக்குப் போட்டா ஆயிரத்து நானூறுக்கு மேல காயின், பதினாலாயிரம் ரூபா. "இதே எடைக்கு வெள்ளியா இருந்தா, மாமா..."ன்னு ஆரம்பிச்சான். வெள்ளியா இருந்தா நான் ஏன்டா பீட்ரூட் துருவுறேன்னேன்.

இதுல டிவியில என்ன காட்டுறாங்கன்னா, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு சுயேச்சை சில்லறையைச் சாக்குல கட்டித் தோள்ல தூக்கிட்டுப் போய் அதிகாரி மேசைமேல கொட்டி டெபாசிட் கட்டுறாரு. நாலு பேரு உக்காந்து பயபக்தியா எண்ணுறாங்க. நம்ம சேலத்துலயே 2022ல ஒரு பையன் மூணு வருஷம் சேர்த்த ஒரு ரூபா காயினா 2.6 லட்சம் கொண்டுபோய் டாமினார் பைக் எடுத்தான். எண்ணி முடிக்க பத்து மணி நேரம் ஆச்சாம். ஒரு ரூபா காயினையும் தராசுல போட்டோம், நாலு கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. அப்ப அவன் கொண்டுபோனது கிட்டத்தட்ட ஒரு டன்! வண்டியைவிட வண்டிக்குக் கொடுத்த காசு அஞ்சு மடங்கு கனம்.

அவங்க கொட்டினா செய்தி. நான் ரெண்டே ரெண்டு நீட்டினா செல்லாதா? சட்டம் என்னங்க சொல்லுது? அதைவிட முக்கியம், இந்தப் பதினோரு கிலோவை எங்க தள்ளுறது?

செட்டு_பிரியன்

செட்டு எப்பங்க முப்பது ஆச்சு?

தட்டுவடை_குகை

எண்ணெய் வெல கேட்டுட்டு வந்து அதைக் கேளுங்க.

பை_மாட்டின_மாமா

தம்பி, இருபத்தொம்பது வருஷம் பஸ் கண்டக்டரா தோள்ல பை மாட்டினவன் சொல்றேன். இந்தப் பயம் எங்க ஆரம்பிச்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. காயின்ல ரூபாய்க் குறி இல்லைன்னா கள்ளக்காசுன்னு ஒருத்தன் கிளப்பிவிட்டான். காயின்ல பத்துக் கோடு இருந்தா நல்லது, பதினஞ்சு இருந்தா டூப்ளிகேட்டுன்னான் இன்னொருத்தன். அயோத்தியாப்பட்டணம் வண்டியில ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழட்டிட்டு, காயினை மூக்குக்கிட்ட வெச்சு கோடு எண்ணிக்கிட்டே வந்தாரு. அவர் எறங்கவேண்டிய ஸ்டாப்பே தாண்டிப் போச்சு. இதுல கூத்து என்னன்னா, ரூபாய்க் குறியே 2010லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி அடிச்ச காயின்ல அது எப்படி இருக்கும்?

ராத்திரி கலெக்ஷன் கட்டும்போது நான் இருந்த இடத்துல இந்தக் காயினைத் தனியா ஒதுக்கி வெப்பாங்க. "நாளைக்குப் பஸ்லயே தள்ளிவிட்டுருய்யா." பஸ்ல தள்ளினா சண்டை. தள்ளலைன்னா என் பாக்கெட். டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு 2021ல ஆனப்புறம் சில்லறைச் சண்டை பாதியாக் கொறைஞ்சுதுன்னு இப்ப ஓட்டுறவங்க சொல்றாங்க. மீதிப் பாதியை ஆம்பளைங்க பார்த்துக்கறாங்க.

கேஷ்கவுன்டர்_ஓய்வு

வங்கியில் காசாளராக இருந்தவன். பொறுமையாகப் படியுங்கள்.

காயின் செல்லும். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லிவிட்டது: பத்து ரூபாய் நாணயம் அதுவரை 14 வடிவங்களில் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும். குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோடு பத்தோ பதினைந்தோ. 14440க்கு மிஸ்டு கால் கொடுத்தால் அவர்களே திரும்ப அழைத்து, பதிவு செய்த குரலில் சொல்வார்கள்.

"வாங்காவிட்டால் 124ஏ பிரிவில் உள்ளே தள்ளலாம்" என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அது சுத்தப் பொய். 124ஏ தேசத்துரோகப் பிரிவு. இருபது ரூபாய் மீதி வாங்காத பையன் தேசத்துரோகியா? அது இருந்த இந்தியத் தண்டனைச் சட்டமே 2024 ஜூலையோடு போய்விட்டது.

வேட்பாளர் விஷயம்தான் எனக்குப் பிடித்தது. 2011 நாணயச் சட்டம் 6வது பிரிவு, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்களை ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான் கட்டாயம் வாங்கவேண்டிய பணம் என்கிறது. ஐம்பது பைசாவாக இருந்தால் பத்தே ரூபாய். ஆக, நீங்கள் நீட்டும் இருபது ரூபாய்க்குச் சட்டத்தின் முழு பலமும் இருக்கிறது. அவர் கொட்டும் பத்தாயிரத்தில் ஒன்பதாயிரத்தை, "நோட்டாக எடுத்து வாருங்கள்" என்று அதிகாரி திருப்பி அனுப்பலாம். ஆறு கேமரா நிற்கும்போது எந்த அதிகாரி சொல்வார்?

உங்கள் பதினோரு கிலோவை வங்கிக் கணக்கில் கட்டுங்கள். நூறு நூறாகப் பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டால் வாங்குகிறவருக்கு வசதி. எடை போட்டு வாங்கலாம் என்றுகூட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையில் இருக்கிறது. உங்கள் மச்சான் பரவாயில்லை.

ஒண்டிக்கடை_டீ

குகைக்காரரே, நீங்க "நோட்டா குடுங்க"ன்னு எழுதினதைப் படிச்சுட்டு எங்க கடையில நாலு பேரு சிரிச்சோம். ஏன்னா தமிழ்நாட்டுல நோட்டா பட்டனே முதல்ல வந்தது எங்க ஏற்காடு தொகுதியிலதான். 2013 டிசம்பர் இடைத்தேர்தல். அந்த ஒரு மாசம் மலையில காட்டெருமையைவிட மந்திரிங்க அதிகம். இருபது கொண்டை ஊசி வளைவுலயும் வெள்ளை வண்டி மூக்கை நுழைச்சுக்கிட்டு நிக்கும். கடைசியில நோட்டாவுக்கு நாலாயிரத்துக்கு மேல ஓட்டு. ஒரு நோட்டீஸ் அடிக்கலை, ஒரு பிரியாணி போடலை. சுயேச்சைங்களை எல்லாம் தாண்டி மூணாவது எடம்! நோட்டா மட்டும் மனுசனா இருந்திருந்தா அடுத்த நாளே ஏதாவது கட்சியில சேத்திருப்பாங்க.

காயின் கதை இங்கயும் அதேதான். வெளியூர்க்காரங்க, அதுவும் பெங்களூர் வண்டியில வர்றவங்க, சந்தோஷமாக் கொடுத்துட்டுப் போறாங்க, அங்கெல்லாம் செல்லுதாம். அண்ணா பூங்காவைத் தாண்டி கீழ எறங்கிட்டா அந்தக் காயினுக்கு மதிப்பு கெடையாது. நீலகிரியில 2022ல ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க ஞாபகம் இருக்குதா? சரக்குக்குப் பத்து ரூபா கூட வாங்கிக்கிட்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா அந்தப் பத்தைத் தருவாங்க. காலி பாட்டிலுக்குப் பத்து ரூபா மதிப்பு. பத்து ரூபாய்க்குப் பத்து ரூபா மதிப்பு இல்லை.

இன்னொண்ணு. ராஜாஜி 1937ல மதுவிலக்கைப் பரிசோதனை பண்ணிப் பார்த்ததே நம்ம சேலம் ஜில்லாவுலதான். அதுல போன வருமானத்துக்கு 1939ல விற்பனை வரி கொண்டுவந்தாரு. இப்ப கடையும் இருக்கு, வரியும் இருக்கு. வடை கணக்குல நீங்க ஏமாந்தது ரொம்பக் கொஞ்சம்ங்க.

மேட்டூர்க்காரி

டெபாசிட் பேச்சு வந்துட்டு எங்க ஊர்க்காரரைச் சொல்லலைன்னா எப்படி? பத்மராஜன். பஞ்சர் கடை வெச்சிருக்கறவரு, 1988லருந்து நிக்கிறாரு. இருநூறு தேர்தலுக்கு மேல ஆச்சு, பிரதமருங்களை எதிர்த்தும் நின்னாரு, குடியரசுத் தலைவர் தேர்தலையும் விடலை, எல்லாத்துலயும் தோல்வி. 2011ல மேட்டூர்ல ஆறாயிரத்துச் சொச்சம் ஓட்டு வாங்கினதுதான் சாதனை. ஆறுல ஒரு பங்கு ஓட்டு வந்தாத்தான் டெபாசிட் திரும்பும். ஒட்டின டியூப் ஒவ்வொண்ணும் அரசாங்கத்துக்கு அவர் கட்டின காணிக்கைன்னு வெச்சுக்கங்க. ஜெயிக்கிறதுக்குச் செலவு பண்றவங்களைத்தான் நமக்குத் தெரியும். தோக்குறதுக்குச் சொந்தக் காசைச் செலவு பண்றவரு இவர் ஒருத்தர்தான்.

பக்கத்துல மொடக்குறிச்சியில 1996ல 1,033 பேரு நின்னாங்க. ஓட்டுச் சீட்டையே புஸ்தகமா அடிச்சாங்க. அப்ப சட்டசபைக்கு டெபாசிட் 250 ரூபா. அதுக்கப்புறம்தான் ஏத்தினாங்க, இப்ப பத்தாயிரம். டெபாசிட் 250 ரூபாயாவே இருந்திருந்தா குகைக்காரரே நின்னிருக்கலாம். இருபத்தஞ்சு காயின்தான்.

ஆத்தூர்_லைன்

அண்ணா, செல்லாத காசை வெச்சுக்கிட்டு முழிக்கிறது உங்களுக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க. 2016 ஆகஸ்ட்ல எங்க லைன்ல போன சேலம்–எழும்பூர் ரயில்ல கூரையை ஓட்டை போட்டு எடுத்தாங்களே, நினைவிருக்கா? உள்ள இருந்தது 342 கோடி, ரிசர்வ் வங்கிக்குத் திரும்பப் போற அழுக்கு நோட்டு. எடுத்தது 5.78 கோடி. சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவுல அப்ப மேல மின்சாரக் கம்பி இல்லை. அந்த இடத்தைத் தேடிப் பிடிச்சு, ஓடுற ரயில் மேல உக்காந்து தகரத்தை வெட்டியிருக்கானுங்க. எழும்பூர் போய்த் தெறந்து பார்த்தப்பதான் மேல வானம் தெரிஞ்சுதாம்.

சரியா மூணே மாசம். நவம்பர் 8, ராத்திரி எட்டு மணி. ஐநூறும் ஆயிரமும் செல்லாது! டிவி முன்னாடி அவனுங்க மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நான் பல தடவை யோசிச்சுப் பார்த்திருக்கேன். 2018லதான் மத்தியப் பிரதேசத்துல பிடிச்சாங்க. மாட்டினதைவிட அந்த எட்டு மணிதான் பெரிய தண்டனைன்னு எங்க அப்பா சொல்லுவாரு. நாமெல்லாம் பேங்க் வாசல்ல வரிசையில நின்னோம். அவனுங்களால வரிசையில கூட நிக்க முடியலை பாருங்க.

தட்டுவடை_குகை (மூணு வாரம் கழிச்சு)

எல்லாருக்கும் நன்றிங்க. நடந்ததைச் சொல்லிடறேன்.

முதல்ல ஒரு வேடிக்கை. இந்தக் கேள்வியைப் படிச்ச ஒருத்தர், "அடுத்த எலெக்ஷன்ல எங்க அண்ணன் சுயேச்சையா நிக்கப்போறாரு, காயின் வேணும்"னு வண்டிக்கே வந்துட்டாரு. குலதெய்வம் கண்ணைத் தெறந்துடுச்சுன்னு டப்பாவைத் தூக்கிட்டு வந்து காட்டினேன். எட்டிப் பார்த்துட்டு மூஞ்சி சுருங்கிப்போச்சு. "பத்து ரூபா காயினுங்களா? பத்தாயிரத்துக்கு ஆயிரம் காயின்தானே வரும். மஞ்சப்பையில அடங்கிடும், போட்டோவுல ஒண்ணுமே தெரியாது. ஒரு ரூபாயா இருந்தாச் சொல்லுங்க." போகும்போது மூணு செட்டு வாங்கிட்டு ஜிபே பண்ணிட்டுப் போனாரு.

அப்புறம் காசாளர் ஐயா சொன்ன மாதிரியே நூறு நூறா பதினாலு பை. நானும் வீட்டுக்காரியும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல உக்காந்து கட்டினோம். எங்க பீட்ரூட் கை பட்டு பாதிக் காயின் குங்குமம் வெச்ச மாதிரி ஆயிடுச்சு. முதல்ல போன கிளையில "ஆள் இல்லை, அடுத்த வாரம் பாருங்க"ன்னாங்க. ரெண்டாவது கிளையில கவுன்டர்ல இருந்த தம்பி நல்ல மாதிரி. 14440ஐ ஸ்பீக்கர்ல போடலாம்னு போனைக் கையிலயே வெச்சிருந்தேன், தேவைப்படலை. ஒரு பையைப் பிரிச்சு எண்ணினான். மீதியைத் தராசுல வெச்சான். ரசீது கொடுத்துட்டு, "இது செல்லாதுன்னு யாருங்க சொல்றது, ஜனங்களுக்கு நாமதான் எடுத்துச் சொல்லணும்"னு ஒரு பிரசங்கமே வெச்சான்.

முந்தாநாள் சாயங்காலம் அதே தம்பி வண்டிக்கு வந்தான். ஒரு செட்டு சாப்பிட்டான், காரச் சட்னி இன்னொருவாட்டி கேட்டு ஊத்திக்கிட்டான். அம்பது ரூபா கொடுத்தான். டப்பாவுல அன்னிக்கு வந்த காயின் ரெண்டை எடுத்து நீட்டினேன்.

கையைப் பாதி நீட்டி, நிறுத்திட்டு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துட்டு, மெதுவாச் சொன்னான்: "அண்ணே, நோட்டா இருந்தா..."

இருபது ரூபாய்க்கு நொறுக்கல் கட்டிக் கொடுத்து அனுப்பிட்டேன்.