பையன் தூங்கும் படத்தை ஸ்டிக்கர் ஆக்கிச் சுற்ற விடுகிறார்கள். இது பழைய பள்ளிக் கேலிதானா, வேறு ரகமா?

காவேரிக்கரை:

வணக்கம். பையன் எட்டாம் வகுப்பு, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி. டூர் போன பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கியிருக்கிறான். யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு குரூப் இருக்கிறது, டீச்சர் யாரும் அதில் கிடையாது. "நாளைக்கு கணக்கு டெஸ்ட்டா?" என்று ஒருவன் கேட்டால் அதற்கும் பதில் இவன் வாய்தான். ட்யூஷனில் வேறு பள்ளிப் பிள்ளைகளிடமும் போய்விட்டது.

அவன் என் போனில்தான் குரூப் பார்ப்பான், அதனால் கண்ணில் பட்டது. கேட்டால் "சும்மா ஜாலிக்கும்மா" என்கிறான். ஆனால் ட்யூஷன் நேரம் வந்தால் வயிறு வலி என்று படுத்துக்கொள்கிறான்.

வீட்டுக்காரர், "என்னை சோடாபுட்டின்னு கூப்பிடாத ஆள் கிடையாது, என்ன குறைஞ்சு போயிட்டேன்?" என்கிறார். நான்தான் போன் என்றதும் அதிகம் பயப்படுகிறேனா? பேசாமல் குரூப்பை அழித்துவிட்டு போனைத் தராமல் இருந்துவிடலாமா?

ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர்:

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. எங்கள் காலத்தில் பட்டப்பெயர் இல்லாத பையனே கிடையாது. ஒருத்தன் என் டிபன் பாக்ஸைத் தினமும் பறித்துத் தின்பான். கேட்டால் அடி. ஆனால் ஒன்று, அடிப்பவன் யாரென்று தெரியும். சாயங்காலம் மணி அடித்தால் அவன் ஒரு தெரு, நான் ஒரு தெரு. அப்பாவுக்கு மாற்றல் வந்து வேறு ஊர் போனோம், அங்கே எனக்கு அந்தப் பட்டப்பெயரே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனத்திடம் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

சாக்பீஸ்:

சார், கோபித்துக்கொள்ள வேண்டாம். மனத்திடம் குறைவு என்று சொல்லிவிட்டு, அதற்கு மேலேயே பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். மணி அடித்தால் முடிந்தது, ஊர் மாறினால் பெயர் போனது. இந்தப் பையனுக்கு அந்த இரண்டுமே இல்லை. ட்யூஷன் வேறு இடம்தானே? ஸ்டிக்கர் அவனுக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது.

நான் உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. 2020-ல் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் கைக்குப் போன் வந்தது. பள்ளி திறந்த பிறகும் அந்த குரூப்கள் கலையவில்லை, பெயர் மட்டும் மாறியது. அதனால் இதை நிறையப் பார்த்துவிட்டேன்.

மேடம், இரண்டும் வேறு வேறு என்று பிரிக்கப் போனால்தான் குழம்புவோம். நார்வேயில் டான் ஓல்வேயுஸ் என்று ஒருவர் இருந்தார். பள்ளிச் சீண்டலை, அதாவது 'புல்லியிங்'கை, 1970-களிலேயே ஆராய ஆரம்பித்தவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் சமமாக இல்லாதது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது சீண்டல் என்று வரையறுத்தார். இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக்கொள்வது அதைத்தான். இணையச் சீண்டல் பற்றிய பரபரப்பு மிகையானது என்று 2012-ல் வாதிட்டவரும் அவரே. இணையத்தில் அவதிப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே பள்ளியிலும் சீண்டப்படுகிறவர்கள்தான் என்பது அவர் கணக்கு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. போனில் கேலி செய்கிறவன் எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆள் அல்ல, பக்கத்து பெஞ்ச்தான். ஆனால் அவர் எழுதியபோது நம் ஊர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் இவ்வளவு ஸ்மார்ட்போன் இல்லை. மிகை என்பதை இன்றைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த 'திரும்பத் திரும்ப' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் ஒருவனே பத்து நாள் வந்து அடிக்க வேண்டும். இங்கே ஒருவன் ஒரு தடவை ஸ்டிக்கர் செய்தால் போதும், மீதியை வகுப்பு பார்த்துக்கொள்ளும். கூப்பிட்டுக் கேட்டால் ஒவ்வொருவனும் "நான் ஒரு தடவைதான் மிஸ் போட்டேன்" என்பான், அது உண்மையாகவும் இருக்கும். யாரைத் தண்டிப்பது?

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது முகம். மைதானத்தில் பையன் அழுதால் கூட்டத்தில் ஒருத்தனாவது "போதும்டா, விடுறா" என்பான். அடிக்கிறவனுக்கே ஒரு கட்டத்தில் கை தளரும். குரூப்பில் அழுகை தெரியாது. இரண்டு சிரிப்பு எமோஜி தெரியும், சில சமயம் அதையும் மானத்தைக் காப்பாற்ற உங்கள் பையனே போட்டிருப்பான். பார்க்கிறவன், இவனுக்கும் பிடித்துத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். "சும்மா ஜாலிக்கும்மா" என்பதும் அந்த எமோஜிதான்.

இன்னொன்று, நேரில் வாய் திறக்காத பையன் போனில் திருப்பிக் கொடுப்பான், அதுவும் ரொம்ப மோசமாக. கடைசியில் ஹெச்எம் மேசைக்கு வருவது அவன் எழுதியதன் ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். உங்கள் பையன் பதிலுக்கு ஏதாவது அனுப்பியிருக்கிறானா என்று மெதுவாகப் பாருங்கள்.

எங்கள் ஆட்களிடமும் குறை உண்டு. "கேட்டுக்கு வெளியே நடந்தது, நாங்கள் என்ன செய்ய முடியும்" என்று கையை உதறிவிடுவோம். ஜப்பானில் 2013-ல் பள்ளிச் சீண்டலுக்கென்றே ஒரு சட்டம் போட்டபோது இணையத்தில் நடப்பதையும் அதற்குள் சேர்த்தார்கள். படம் எடுத்தது பள்ளி அழைத்துப் போன டூரில். அதைச் சொல்லிக் கேளுங்கள்.

செகண்ட் இயர்:

அக்கா, போனை மட்டும் பிடுங்காதீங்க ப்ளீஸ். ப்ளஸ் ஒன் படிக்கும்போது என் பெயரிலும் என் படத்திலும் யாரோ இன்ஸ்டாவில் ஒரு ஐடி ஆரம்பித்து, பசங்களுக்கெல்லாம் "ஹாய்" அனுப்பினார்கள். வீட்டில் சொல்லாததற்கு ஒரே காரணம், சொன்னால் போன் போய்விடும் என்கிற பயம். நான் ஆன்லைனில் இல்லாவிட்டால் அந்த ஐடி என்ன பேசுகிறது என்றுகூட எனக்குத் தெரியாமல் போயிருக்கும். கடைசியில் பார்த்தால், என்னோடு ஒரே ஆட்டோவில் வந்த பெண். சாக்பீஸ் மிஸ் சொல்வதுபோலப் பக்கத்து பெஞ்ச்தான். ஆனால் தெரியாமல் இருந்த அந்த நாட்களில் வகுப்பு முழுக்க எல்லோர் மேலும் சந்தேகம், அது அடி வாங்குவதைவிடக் கொடுமை.

போலி ஐடியை இன்ஸ்டாவில் ஆள்மாறாட்டம் என்று ரிப்போர்ட் செய்யலாம். தொல்லை தருகிறவனை பிளாக் செய்தால் அவனுக்குத் தெரிந்து இன்னும் ஆடுவான். 'ரெஸ்ட்ரிக்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் உங்கள் பதிவில் அவன் போடும் கமெண்ட் அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்கு விஷயமே தெரியாது.

காவேரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. அவனும் பதிலுக்கு ஒன்று அனுப்பித்தான் இருக்கிறான், ஒரு பையனின் அப்பா வேலையைக் கிண்டல் செய்து. எனக்கே பார்க்கக் கூச்சமாக இருந்தது. இப்போது நான் புகார் கொடுக்கப் போனால் அது திரும்பி வராதா? போலீஸ் வரைக்கும் போகிற விஷயமா இது?

சாக்பீஸ்:

வரும். அதனால் அதையும் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள், மறைக்க வேண்டாம். முதலில் வகுப்பு ஆசிரியர், அப்புறம் ஹெச்எம். பேரன்ட்ஸ் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அங்கே அப்பாக்கள் சண்டை ஆரம்பித்தால் பிள்ளைகள் விஷயம் காணாமல் போய்விடும். எதையும் அழிப்பதற்கு முன் தேதியும் பெயரும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழைய கேலிக்கு இல்லாத ஒரே வசதி இதுதான், சாட்சி கையிலேயே இருக்கிறது.

போலீஸ் இப்போதைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. மனம் புண்படும்படி செய்தி அனுப்பினால் போடுகிற ஐடி சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது. ஆனால் மிரட்டல், பணம் கேட்பது, ஆபாசமாக மாற்றிய படம் என்று போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கான 1098-ஐக் கூப்பிடலாம், சைபர் கிரைமுக்கு 1930. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவச சேவையும் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஓர் எண் அடையாளம் உருவாக்கி, அதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

செகண்ட் இயர்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன் அக்கா. அவன் குரூப்பை விட்டு வெளியே வர நினைத்தால், இப்போதெல்லாம் அந்த அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான் போகும். பிரைவசியில் 'குரூப்ஸ்' என்பதை 'மை கான்டாக்ட்ஸ் எக்செப்ட்' என்று மாற்றி, திரும்பச் சேர்க்கக்கூடிய பசங்களை விலக்கிவிடுங்கள். ஆனால் வெளியே வருவதா வேண்டாமா என்று அவனையே முடிவு செய்யச் சொல்லுங்கள். டெஸ்ட் தேதி, ஹோம்வொர்க் எல்லாம் அந்த குரூப்பில்தானே வருகிறது.