ஐந்தடி அகலப் பாத்திக்கு ஒரு குட்டை நீல ஊசியிலை மரம்: எந்த ரகம் பொருந்தும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் முன்சுவருக்கும் நடைபாதைக்கும் இடையே 5 அடி அகலமும் 8 அடி நீளமும் உள்ள பாத்தி ஒன்று காலியாக இருக்கிறது. அதன் நடுவில் நீலச் சாயல் கொண்ட குட்டை ஊசியிலை மரம் ஒன்றை மட்டும் நட்டு, சுற்றிலும் தாழ்வான பூச்செடிகளை வைக்க எண்ணியிருக்கிறேன். காலையிலிருந்து பிற்பகல் 2 மணி வரை அங்கே நேரடி வெயில் விழும். குளிர்காலத்தில் உறைபனி உண்டு. கோடை அவ்வளவு கடுமையாக இருக்காது. மண் களிப்பாங்கானது, பலத்த மழைக்குப் பிறகு அரை நாள் வரை தண்ணீர் வடியாமல் நிற்கும்.

நாற்றுப் பண்ணையில் நான்கு செடிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன்: ‘குளோபோசா’ நீல ஸ்ப்ரூஸ், ‘ஃபேட் ஆல்பர்ட்’ நீல ஸ்ப்ரூஸ், ‘புளூ ஸ்டார்’ ஜூனிபர், ‘பூல்வார்ட்’ சைப்ரஸ். தொட்டியில் நான்கும் முழங்கால் உயரம்கூட இல்லை. நான்கின் அட்டையிலும் ‘குட்டை ரகம்’ என்றே எழுதியிருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த மரத்தை இடம் போதவில்லை என்று வெட்டி எறியும் நிலை வரக் கூடாது என்பதே என் கவலை. வளர்த்துப் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். அட்டையில் உள்ள ‘குட்டை’ என்ற சொல்லை அந்த மரத்தின் இறுதி உயரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; அது வளரும் வேகத்தைக் குறிப்பது. ஊசியிலை மர ஆர்வலர்களின் அமைப்பான அமெரிக்கன் கோனிஃபர் சொசைட்டியின் வகைப்பாட்டில், ஆண்டுக்கு 1 முதல் 6 அங்குலம் வரை வளர்ந்து, 10 ஆண்டுகளில் 1 முதல் 6 அடிக்குள் நிற்பவை எல்லாம் குட்டை ரகங்களே. அதாவது பத்தாம் ஆண்டில் முழங்காலளவு இருப்பதும், ஆளுயரம் இருப்பதும் ஒரே பெயரில்தான் விற்கப்படும். அதற்குப் பிறகும் மரம் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். எனவே உங்கள் இடத்துக்கு உயரத்தைவிட அகலத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கில் ‘ஃபேட் ஆல்பர்ட்’ முதலிலேயே கழிந்துவிடுகிறது. கூம்பு வடிவில் அழகாக நிற்கும் மரம்தான். ஆனால் காலப்போக்கில் 10 முதல் 15 அடி உயரம் எழும்பி, அடிப்பகுதியில் உங்கள் பாத்தியின் அகலத்தைத் தாண்டிவிடும். நீல ஸ்ப்ரூஸ், அதாவது பிசியா பங்கென்ஸ், ராக்கி மலைத்தொடரைச் சேர்ந்த பெருமரம் என்பதை நினைவில் கொண்டால் இது வியப்பளிக்காது.

‘குளோபோசா’ மெதுவாக வளரும். இளமையில் உயரத்தைவிட அகலம் கூடுதலாக, மேற்புறம் சற்றுத் தட்டையான உருண்டையாக இருக்கும். முதிர்ந்த பிறகு 3 முதல் 5 அடி உயரமும் 5 முதல் 6 அடி அகலமும் கொள்ளும். பாத்தியின் நடுவில் நட்டால் பல ஆண்டுகள் இடைஞ்சல் இருக்காது. பின்னர் ஒருபுறம் சுவரையும் மறுபுறம் நடைபாதையையும் தொடும். அப்போது கவாத்து செய்து சமாளிக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்ப்ரூஸ், ஜூனிபர், சைப்ரஸ் மூன்றுமே இலை உதிர்ந்த பழைய மரப்பகுதி வரை வெட்டினால் அங்கிருந்து மீண்டும் துளிர்ப்பது இல்லை; வெட்டிய இடம் மொட்டையாகவே நின்றுவிடும். வசந்த காலத்துப் புதுத்துளிர் மென்மையாக இருக்கும்போது அதன் நீளத்தில் பாதியைக் கிள்ளிவிடுவதை ஆரம்ப ஆண்டுகளிலிருந்தே வழக்கமாக்கிக்கொண்டால் மட்டுமே உருண்டையை அடக்கமாக வைத்திருக்க முடியும். வயதான ‘குளோபோசா’வின் நடுவிலிருந்து சில சமயம் ஒரு கிளை செங்குத்தாக எழும்பும், அதைக் கண்டவுடன் அடியோடு நீக்கிவிட வேண்டும்.

இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியும் என்றால், நீல நிறத்துக்காகவே நான் ‘குளோபோசா’வைப் பரிந்துரைப்பேன்.

மறுமொழி 2

மேலே சொன்ன அகலக் கணக்கை முழுவதும் ஏற்கிறேன். முடிவில் மட்டும் மாறுபடுகிறேன். 5 அடி இடத்துக்கு 5 முதல் 6 அடி அகலம் கொள்ளும் மரத்தை வைத்துவிட்டு ஆண்டுதோறும் கிள்ளிக்கொண்டிருப்பதைவிட, இயல்பாகவே அந்த அளவுக்குள் அடங்கும் ‘புளூ ஸ்டார்’ ஜூனிபரை வைப்பதே பொருத்தம். முதிர்ந்த நிலையிலும் அது பொதுவாக 2 முதல் 3 அடி உயரமும் 3 முதல் 4 அடி அகலமும் கொண்ட மெத்தைபோன்ற புதராகவே இருக்கும். ‘மெயெரி’ என்ற ஜூனிபர் மரத்தில், ஒரே இடத்தில் நெருக்கமாகவும் குட்டையாகவும் கிளைத்த கொத்து ஒன்று 1950-ஆம் ஆண்டு வாக்கில் நெதர்லாந்தில் கண்டெடுக்கப்பட்டு, அதிலிருந்து பெருக்கப்பட்ட ரகம் இது. தாய்மரம் வேகமாக வளரும். இதற்கோ அந்தக் கொத்தின் குறுகிய வளர்ச்சியே இயல்பு.

‘பூல்வார்ட்’ இந்த இடத்துக்கு வேண்டாம். தொடுவதற்கு மென்மையான வெள்ளிநீல இலை என்பதால் பலர் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் அதுவும் காலப்போக்கில் ஆளுயரத்தைத் தாண்டும். உட்புறத்து இலைகள் பழுப்பாகிக் காய்ந்து அங்கேயே தங்கிவிடுவதால், வயது கூடக்கூடத் தோற்றமும் கெடும்.

உண்மையில் உங்கள் இடத்தின் பெரிய சிக்கல் மண்தான். ஸ்ப்ரூஸ், ஜூனிபர் இரண்டுக்குமே வேரில் நீர் தேங்கக் கூடாது. ஜூனிபர் இதில் இன்னும் கண்டிப்பானது, வேரழுகல் வந்துவிட்டால் மீட்பது கடினம். களிமண்ணில் குழி தோண்டி, அந்தக் குழியில் மட்டும் பொலபொலப்பான கலவையை நிரப்பினால், சுற்றிலும் உள்ள தண்ணீரெல்லாம் வடிய வழியின்றி அங்கேயே வந்து சேரும். அதற்குப் பதிலாகப் பாத்தி முழுவதையும் ஒரே சீராகக் கொத்தி, மட்கிய உரம் கலந்து, தரைமட்டத்திலிருந்து 8 முதல் 12 அங்குலம் மேடாக்கி, அந்த மேட்டின் மீது நடுங்கள். மேட்டு மண் சுவரின் மீது சாயாதபடி இடைவெளி விடுவதும் அவசியம்.

மறுமொழி 3

நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த நீலம் இலைக்குள் இருக்கும் சாயம் அன்று. திராட்சைப் பழத்தின் மேல் படிந்திருப்பதைப் போன்ற மெழுகுப் படலம் ஒளியைச் சிதறடிப்பதால் நம் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. ஓர் ஊசியை விரலிடுக்கில் வைத்து இழுத்துத் தேய்த்தால் படலம் அகன்று, அடியில் சாதாரணப் பச்சை வெளிப்படும். இதை அறிந்துகொண்டால் பராமரிப்பில் பாதி தெளிவாகிவிடும். எண்ணெய் கலந்த பூச்சிமருந்தையோ சோப்புக் கரைசலையோ தெளித்தால் மெழுகு கரைந்து, அடுத்த துளிர் வரும்வரை மரம் பச்சையாகவே நிற்கும். நிழல் கூடினாலும் நீலம் மங்கும். உங்களுக்குக் கிடைக்கும் வெயில் போதுமானது.

புதுத்துளிரில் நீலம் மிகுந்திருக்கும், பழைய ஊசிகளில் குறைந்துவிடும். ஆகவே வசந்த காலத்தில் வாங்கப் போனால், நுனியைப் பார்த்து மயங்காமல் உள்ளே இருக்கும் சென்ற ஆண்டின் ஊசிகளையும் பாருங்கள். குளிர்காலத்தில் ‘புளூ ஸ்டார்’ சற்றே சாம்பல் பூத்ததுபோல் ஆகும். ‘குளோபோசா’ தன் நிறத்தை அதைவிட நன்றாகக் காத்துக்கொள்ளும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘ஃபேட் ஆல்பர்ட்’டையும் ‘பூல்வார்ட்’டையும் கைவிட்டுவிட்டேன், பாத்தியை மேடாக்குவது என்றும் முடிவு செய்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு ஐயம் இருக்கிறது. அதே பண்ணையில், 3 அடி உயரத் தனித்தண்டின் உச்சியில் உருண்டையாக நிற்கும் ‘குளோபோசா’ ஒன்றும் இருந்தது. அதை வைத்தால் கீழே பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கும் என்று தோன்றுகிறது. அது காலப்போக்கில் நெடுமரமாகிவிடுமா?

மறுமொழி 1

ஆகாது. அது வேறொரு ஸ்ப்ரூஸின் தண்டில் உச்சியில் ஒட்டுக் கட்டப்பட்டது. தண்டு ஆண்டுதோறும் பருக்குமே தவிர நீளாது; ஒட்டுக்கு மேலே உள்ள தலைப்பகுதி மட்டுமே வளரும். ஆனால் அந்தத் தலை தரையில் நிற்கும் ‘குளோபோசா’வைப் போலவே அகலும் என்பதால், இடத்தின் கணக்கு அப்படியே இருக்கிறது, கூர்மையான ஊசிகள் இப்போது நடைபாதையில் போகிறவர்களின் இடுப்பு, மார்பு உயரத்துக்கு வந்துவிடும். தலைப்பாரம் மிகுந்த மரம் என்பதால் முதல் சில ஆண்டுகள் முட்டுக்கொம்பும் தேவை. உங்கள் இடத்துக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். இடத்தை மறுபடி எண்ணிப் பார்க்கும்போது ‘புளூ ஸ்டார்’ பக்கமே நானும் சாய்கிறேன்.

வாங்கும்போது ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுபோய், உட்புறக் கிளை ஒன்றின் கீழே பிடித்து, கிளையை இரண்டு முறை தட்டிப் பாருங்கள். தாளில் விழுந்த பொடிப் புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் அவை சிலந்திப்பேன்கள். அந்தச் செடியை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள். பிறகு செடியைத் தொட்டியிலிருந்து சற்றே வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வேர்கள் தொட்டியின் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றிக் கெட்டிப்பட்டிருந்தால், நட்ட பிறகும் அவை எளிதில் வெளியே பரவாது.

நடும்போது வேர்ப்பந்தின் மேல்மட்டம் மேட்டின் மட்டத்தைவிட அரை அங்குலம் உயர்ந்திருக்கட்டும். மண்ணின் மேல் பரப்பும் மூடாக்கைத் தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். முதல் இரண்டு கோடைகளில் மேல்மண் 2 அங்குல ஆழத்துக்கு உலர்ந்த பிறகே, ஒவ்வொரு முறையும் வேரின் அடிவரை இறங்கும்படி தண்ணீர் விடுங்கள்.