அப்பா பதிவு செய்த கேசட் ஓடவில்லை, உதவுங்கள்

சுரண்டையில் 1935இல் பிறந்து, வங்கி வேலையில் இருந்தபடியே கிறிஸ்தவ ஊழியம் செய்த டி.ஜி.எஸ். தினகரன் ஐயாவின் ரேடியோ செய்திகளை அப்பா பதிவு செய்து வைத்திருந்தார். ரேடியோ பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்ததால், ஜெப முடிவில் அப்பா சொல்லும் "ஆமென்" அதில் கேட்கும். ஐயா 2008இல் மறைந்தார், அப்பா போன வருஷம். அம்மா அப்பாவின் அந்தக் குரலைத்தான் கேட்கிறார்.

டிடிகே டி60 கேசட், 1984 பதிவு. பத்து நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு கீச்சென்று இழுத்து நின்றுவிடுகிறது. பென்சிலால் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். ஸ்பிரிட்டால் ஹெட் துடைத்தேன். நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றியும் அதே கதை. இரண்டு பிளேயரிலும் இப்படித்தான். இனி ஓட்டினால் அறுந்துவிடுமோ என்று தொடவே பயமாக இருக்கிறது.

தென்காசி, நெல்லை, மதுரைப் பக்கம் இதைப் பத்திரமாக டிஜிட்டலாக மாற்றித் தருபவர் யாராவது இருக்கிறார்களா?