80 இருக்கை அரங்கின் புது சீசன்: ஒரே நாடகம் 8 காட்சியா, வாரத்துக்கு ஒன்று மாற்றுவதா?

கணக்குப்பிள்ளை:
மதுரைப் பக்கம் 80 பேர் உட்காரும் சின்ன அரங்கு. சீசன் புரட்டாசியில் தொடங்கி மாசியில் முடியும். சனி, ஞாயிறு மட்டும், மொத்தம் 24 மாலை. முன்வரைவு இப்படி: இரண்டு நாடகம், ஒவ்வொன்றும் 8 காட்சி, அதாவது 8 மாலை. ஸ்பெஷல் நாடகம் (வள்ளி திருமணம் மாதிரி ஊர்த் திருவிழாவில் போடும் இசை நாடகம்) 2. கச்சேரி 6. முன்கூடத்துச் சுவரில் ஆறு மாதமும் ஓவியம். இதை அப்படியே வைக்கலாம் என்பது என் கட்சி. 90 நிமிட நாடகத்துக்கு 6 வாரம், வாரம் 5 நாள், நாளுக்கு 3 மணி என்றால் 90 மணி நேரம் ஒத்திகை. அதை ஒரே ராத்திரி போட்டுவிட்டு மூட்டை கட்டுவது கொள்ளை அநியாயம். முதல் காட்சியில் நடிகர் வசனத்தைத் தேடிக்கொண்டிருப்பார். மூன்றாவதில்தான் எதிரில் நிற்கும் ஆளின் முகம் அவர் கண்ணில் படும்.

மூணாம் மணி:
ஒப்பவில்லை. 8 தடவை 80 என்றால் 640 பேர். எங்கிருந்து வருவார்கள்? முதல் வாரம் நடிகர்களின் சொந்தபந்தம், இரண்டாம் வாரம் சிநேகிதர்கள், மூன்றாம் வாரம் நாற்காலிகள். சின்ன ஊர் அரங்குக்கு வருவது அதே முகங்கள்தான். அவர்கள் முன்னால் வாரம் ஒரு புதுச் சரக்கு வைக்க வேண்டும். நாடகத்துக்கு 4 காட்சி போதும். மிஞ்சும் 8 மாலையை வெளியூர்க் குழு, கதைசொல்லல், குழந்தைகள் நாடகம் என்று பிரித்துக் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
டிக்கெட் 200 ரூபாய், 50 பேர் வந்தால் 10,000. வெளியூரிலிருந்து 9 பேர் குழு வந்தால் போக வர ரயில், ஒரு ராத்திரி தங்கல், மூன்று வேளைச் சாப்பாடு என்று அது அங்கேயே கரைந்துவிடும். குழுவுக்குச் சம்பளம்? ஒரே ஆறுதல், ஆளுக்கு 500 ரூபாய் வரை நாடகம், இசை நிகழ்ச்சி நுழைவுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

டிம்மர்:
பணத்தை விடுங்கள். வாரம் ஒன்று மாற்றினால் முதலில் சாவது ஏணியில் நிற்பவன். ஆனாலும் மூணாம் மணி சொல்வது நடக்காத காரியமில்லை. எப்படி என்று சொல்கிறேன்.

அரங்கில் 12 பார் விளக்கு (மேடைக்கான PAR விளக்கு) என்று வையுங்கள், ஒன்று 1000 வாட். 230 வோல்ட்டில் ஒரு விளக்கு 4.3 ஆம்பியர், 12-ம் சேர்ந்து 52. இதை ஒரே பேஸில் (மும்முனை மின்சாரத்தின் ஒரு முனையில்) ஏற்றினால் இடைவேளைக்கு முன்பே எம்சிபி, அதாவது சுமை கூடினால் தானே அணையும் சுவிட்ச், விழும். மூன்று பேஸுக்கும் நாலு நாலாகப் பிரிப்பதும் தப்பு. அப்போது ஒலிப்பெட்டி, விளக்கை மங்கவைக்கும் டிம்மர் ஏதாவது ஒன்றோடு ஒரே பேஸில் ஒட்டிக்கொள்ளும். விளக்கைப் பாதிக்கு இறக்கியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு வண்டு. இரண்டு பேஸில் 6, 6 (தலைக்கு 26 ஆம்பியர், 32 எம்சிபி தாங்கும்). மூன்றாவது பேஸ் ஒலிக்கு மட்டும். மைக் ஒயரும் விளக்கு ஒயரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடக் கூடாது. கடந்துதான் ஆகவேண்டும் என்றால் குறுக்கே கடக்கட்டும்.

ஒரு விளக்கைத் திருப்பிக் குறிவைக்க 7 நிமிடம். மேலே ஒரு ஆள், கீழே முகம் காட்ட ஒரு ஆள். 12-க்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதனால் 9 விளக்கை சீசன் முழுக்கத் தொடவே கூடாது: முகத்துக்கு 6, முதுகுக்கு 3. மீதி 3 மட்டும் நாடகத்துக்கு நாடகம் மாறும். 20 நிமிட வேலை.

கச்சேரிக்கு இதே விளக்கைப் போட்டால் பாடகர் முகம் இருட்டாகவும் அவருக்குப் பின்னால் தரை பளிச்சென்றும் இருக்கிறது என்பார்கள். ஏணியை எடுக்காதீர்கள். விளக்கு நின்று நடிப்பவரின் முகத்துக்குக் குறிவைத்தது, பாடகர் முகம் அதைவிட இரண்டரை அடி கீழே. 45 பாகையில் வரும் ஒளி எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு பின்னால் போயிருக்கும். பாயை இரண்டரை அடி பின்னால் தள்ளிப் போடுங்கள், தீர்ந்தது.

மூணாம் மணி:
டிம்மர் அண்ணனுக்கு நன்றி. எதிர்க்கட்சியிலிருந்து என் கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஒரே ஆள்.

ஆல்ரவுண்ட்:
ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதை மற்ற இரண்டு நாடகங்களின் வரிசையில் எழுதியிருப்பதிலேயே கோளாறு. அதற்கு ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாளக் கருவிகளை வாசிப்பவர்) என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுப்பது. பல சமயம் மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கதையும் பாட்டும் எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம் என்பதால் ஓடுகிறது.

வள்ளி திருமணம் என்றால் ராத்திரி 10-க்குத் தொடங்கி விடிய விடிய. இங்கே 2 மணி நேரம் கேட்கிறார்கள். கத்திரி போடுபவர்கள் செய்யும் தப்பு, எல்லாக் காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுவது. அப்படிச் செய்தால் தர்க்கம் செத்துப்போகும். வள்ளியும் நாரதரும் மாறி மாறிப் பாட்டாலும் பேச்சாலும் மடக்குவதற்குச் சூடு ஏறவே கால் மணி ஆகும். பபூன் 20 நிமிடம், தர்க்கம் 45, முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வருவதும் யானையும் 55. மற்ற காட்சிகளை முழுசாக எடுத்துவிடுங்கள். இந்தக் கணக்கை முன்பணம் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும், வேஷம் போடும்போது சொல்லக் கூடாது. முக்கியமாக ஆர்மோனியக்காரரிடம் சொல்லுங்கள். மேடையில் கடிகாரம் அவர்தான். அவர் அடுத்த பாட்டின் ஸ்வரத்தை எடுத்துவிட்டால் எந்த ராஜபார்ட்டும் வசனத்தை முடித்தே ஆகவேண்டும்.

80 பேருக்கு மைக் வேண்டாம். ஆனால் ஊர் மேடையில் தொங்கும் மைக்குக்கு நேரே போய் நின்று பழகிய கால்கள், இங்கேயும் அதே இடத்தைத் தேடும். தரையில் டேப் ஒட்டி இடம் காட்டுங்கள். ஆர்மோனியத்தில் ஒரு வரிசை ரீட் மட்டும் திறந்தால் போதும், இரண்டும் திறந்தால் நாலரைக் கட்டையில் (உயர்ந்த சுருதியில்) பாடுபவரையும் மூடிவிடும். தேதியும் முக்கியம். பங்குனி முதல் ஆடி வரை திருவிழாக் காலம், நல்ல கலைஞர் சிக்கமாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் கேட்டால் ஆளும் கிடைக்கும், நிதானமாகவும் ஆடுவார்கள்.

மூணாம் மணி:
2 மணி நேர வள்ளி திருமணமா? கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு வருவது போல. தர்க்கத்துக்குச் சூடு ஏறக் கால் மணி வேண்டும் என்கிறீர்கள். பார்ப்பவனுக்குத் தூக்கம் கலைந்து சூடு ஏற இரண்டு மணி வேண்டும். நாலு மணிக்கு வள்ளி பாடும்போது கேட்பதும் ஏழு மணிக்குக் கேட்பதும் ஒன்றா? இரண்டு குட்டை நாடகத்துக்குப் பதில் ஒரு முழு ராத்திரி போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ராத்திரி 10-க்கு மேல் ஒலிபெருக்கி கூடாதே?

ஆல்ரவுண்ட்:
2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி மூடிய அரங்குக்குள் விலக்கு கொடுக்கிறது. தவிர மைக்கே வேண்டாம் என்று இப்போதுதான் சொன்னேன். தடை வேறு: நாற்காலியில் யாரும் ஏழு மணி நேரம் உட்காரமாட்டார்கள். நாற்காலியை எடுத்துவிட்டுப் பாய் விரியுங்கள், ஆனால் இரண்டு வாசலுக்கும் போகிற வழியில் பாய் வரக் கூடாது. மூணாம் மணி சொல்வதில் எனக்கு ஆசை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையும் சேர்ந்து போய்விடும் என்பதை மட்டும் கணக்கில் எழுதுங்கள். விடிய ஆடிய மேடையில் சாயங்காலம் யாரும் நிற்கமாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒரு சட்ட விஷயம். பபூன் சினிமா மெட்டில் பாடாமல் இருக்கமாட்டார். டிக்கெட் போட்ட நிகழ்ச்சியில் அதற்குப் பாட்டு உரிமையாளர் சங்கமான ஐபிஆர்எஸ் உரிமம் தேவை, முன்கூட்டியே வாங்கிவிடலாம். நாடகப் பிரதிக்குப் பதிப்புரிமை: ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. வள்ளி திருமணம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் போனவர், சிக்கலே இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1964, ஆகவே 2024 கடைசியோடு முடிந்தது. இரண்டாவது நாடகத்துக்கு அவர் பிரதி ஒன்றை எடுத்தால் உரிமைத்தொகை மிச்சம். போலீஸ் முன் அனுமதி என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். 1954-ம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-லேயே செல்லாதாக்கிவிட்டது. கூட்டத்துக்காக ஸ்டேஷனில் ஒரு தகவல் கடிதம் கொடுத்து வைத்தால் நல்லது, அவ்வளவே.

வெள்ளைச் சுவர்:
ஓவியத்தை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். ஆறு மாதம் ஒரே படம் தொங்கினால் அது நாள்காட்டி. 8 வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், மூன்று ஓவியர்கள். படத்தின் நடு தரையிலிருந்து 4 அடி 9 அங்குலம். ஐப்பசி மழையில் சுவர் வியர்க்கும், சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தாவிட்டால் காகிதத்தின் முதுகில் பூஞ்சை. காட்சி நடக்கும்போதும் முன்கூட விளக்கு எரியட்டும், தாமதமாக வருபவர்கள்தான் படத்தை நின்று பார்ப்பவர்கள்.

டிம்மர்:
எரியட்டும், ஆனால் கதவுக்கு உள்ளே நாலு அடி விட்டு இன்னொரு கறுப்புத் திரை. இல்லையென்றால் இருட்டுக் காட்சியில் கதவைத் திறப்பவர்தான் கதாநாயகன்.

கணக்குப்பிள்ளை:
சரி, திருத்திய கணக்கு. நாடகத்துக்கு 6, 6. வெளியூர் 4, அதுவும் 5 பேருக்கு மிகாத குழு. முழு ராத்திரி ஸ்பெஷல் நாடகம் ஒன்று, 2 மாலைக்குச் சமம். கச்சேரி 6. கூட்டினால் 24. காட்சி 8-லிருந்து 6 ஆனது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

மூணாம் மணி:
எனக்கு 6-ம் அதிகம். அது கிடக்கட்டும், மார்கழியில் கச்சேரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள். அந்த மாதம் நாடகத்துக்கு.

ஆல்ரவுண்ட்:
கச்சேரி அன்று ஏசியை அரை மணி முன்னால் போட்டுவிட்டு, அப்புறம் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். குளிரில் காற்று உலர்ந்து மிருதங்கத் தோல் இறுகும், சுருதி ஏறிவிடும். முதல் பாட்டின் நடுவில் ஏசி போட்டால் தனி ஆவர்த்தனம் (மிருதங்கத்தின் தனி வாசிப்பு) வரை கல்லால் தட்டிக்கொண்டேதான் இருப்பார்.