புதுப்பிப்பு: மிஸ் மார்ப்பிளின் முதல் நாவல், ஆள் குழப்பம் தீர்ந்தது

அகதா கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவல், 1930-இல் வந்த 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' (பாதிரியார் வீட்டில் நடக்கும் கொலைக் கதை). அதில் பாதி தாண்டுமுன்பே யார் யாரென்று குழம்புகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பெயர்ப் பட்டியல் உதவவில்லை. கொலை நேரத்தில் ஆள் எங்கே நின்றார் என்பது அதில் இருக்காதே. பதில் சொன்னவர்களில் மஞ்சக்குப்பம் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது: அஞ்சலட்டையில் பாதிரியார் வீடு, பக்கத்துத் தோட்டம், சந்து மூன்றையும் வரைந்து, ஒவ்வொரு பெயரருகிலும் மணியைக் குறித்து, அட்டையையே பக்க அடையாளமாக வைப்பது. பென்சில்தான், சாட்சியம் மாறிக்கொண்டே இருக்கும். பாதிரியார் அறைக் கடிகாரம் கால் மணி நேரம் முந்தி ஓடுவதால், கடிகார நேரத்தையும் உண்மை நேரத்தையும் தனித்தனியே எழுதணும். நான் முதலில் கோட்டைவிட்டது இங்கேதான்.

எதிர்பாராதது: கதை சொல்வது பாதிரியார். மார்ப்பிள் பாட்டி தோட்டவேலை பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரராகத்தான் வருவார்; அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டினால் போச்சு.